மேடையில் வந்த ஞானசவுந்தரியும் திரையில் வந்த ஞானசவுந்தரியும்



உங்கள் வீட்டிலே வயது சென்றவர்கள் இருந்தால் அவர்களிடம் 'ஞானசவுந்தரி' என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். ஒருவர் கூத்துத் தரு ஒன்றைத் தாளத்தோடு முணுமுணுப்பார். இன்னொருவர் 1948-ஆம் ஆண்டுப் படத்திலே தேவமாதாவை நோக்கி அந்தப் பெண் பாடும் பாட்டை எடுப்பார். இருவரும் ஒரே திண்ணையில் இருந்துவிட்டால் பேச்சு வளர்ந்துவிடும். "படம் என்ன படம்! விடிய விடியப் பார்த்த கூத்துக்கு ஈடாகுமா?" என்பார் முதலாமவர். "கூத்திலே ஆம்பிளை சேலை கட்டிக்கொண்டு வருவான், படத்திலே ராஜம்மாவைப் பார்த்தாலே கண்ணீர் வருமே!" என்பார் மற்றவர்.

இந்த வாக்குவாதத்தையே இவ்வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம். வேடிக்கைக்காக அன்று. ஊர்காவற்றுறை, மெலிஞ்சிமுனை, நெடுந்தீவு என்று நம் தீவகத்துக் கரைகளிலே பிறந்து இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழும் குடும்பங்கள், ஊர்க் கூத்துகளைக் கமெராவிலே பிடித்துத் தரும்படி கேட்கின்றன. பிடிக்கவும் படுகின்றன. எப்படிப் பிடிப்பது, எதை விடுவது, எதை விடக்கூடாது என்பதை யாரும் இருந்து யோசிப்பதாகத் தெரியவில்லை. மேடையிலே பாட்டாக வாழ்ந்த ஒரு கதை திரைக்குப் போனபோது என்ன நடந்தது என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் நமக்கு வழி தெரியும்.

கதை எங்கிருந்து வந்தது?

இளையோருக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஞானசவுந்தரி ஓர் அரசகுமாரி. மாதாவிடம் பக்தி மிகுந்தவள். சிற்றன்னையின் பொறாமையால் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு இரு கைகளும் வெட்டப்பட்டு விடப்படுகிறாள். பிலேந்திரன் என்னும் அரசகுமாரன் அவளைக் கண்டு, கையிழந்தவள் என்று தள்ளாமல் மணம் முடிக்கிறான். அவன் தூரதேசம் போயிருக்கும்போது கடிதங்கள் மாற்றி எழுதப்பட்டு, பெற்ற குழந்தைகளோடு அவள் மீண்டும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். அங்கே தேவமாதாவின் அருளால் கைகள் திரும்பக் கிடைக்கின்றன. பின்னர் கணவனும் மனைவியும் சேருகிறார்கள்.

நம்மிற் பலர் இதை ஓர் அர்ச்சியசிட்டவளின் சரித்திரம் என்று நினைத்திருக்கிறார்கள். அப்படியன்று. புனிதர் வரிசையிலே ஞானசவுந்தரி என்றொருவர் இல்லை. இது ஐரோப்பாவிலே மத்திய காலத்தில் மிகவும் பரவியிருந்த, கையிழந்த பெண்ணைப் பற்றிய கதை. 13-ஆம் நூற்றாண்டிலே பிலிப் த றெமி என்ற பிரெஞ்சுக்காரர் 'லா மனெக்கீன்' என்று இதை நெடும் பாட்டாகப் பாடினார். அதிலே சிற்றன்னை இல்லை. ஹங்கேரி நாட்டரசனாகிய தந்தையின் மனத்திலே எழுந்த தகாத எண்ணத்துக்குத் தப்புவதற்காக மகளே தன் கையை வெட்டிக்கொள்கிறாள். பிறகு படகிலே கடலில் விடப்பட்டு ஸ்கொத்லாந்துக் கரையை அடைகிறாள். வெட்டுண்ட கை என்னவாயிற்று தெரியுமா? ஒரு பெரிய மீன் அதை விழுங்கிப் பழுதுபடாமற் காத்து வைத்திருந்ததாம். உரோமாபுரியிலே அந்தக் கை வெளிப்பட, பாப்பரசரின் மன்றாட்டினால் அது அவளோடு திரும்பப் பொருந்தியதாம். இந்த மீன் நம் தமிழ்க் கூத்துக்கு வந்து சேராதது பெரிய நட்டம். தீவகத்து மீனவர் கையில் கிடைத்திருந்தால் அந்த மீனுக்கே தனியாக ஒரு வரவுத் தரு கட்டியிருப்பார்கள்!

அடுத்த நூற்றாண்டிலே பிரான்சில் இதே கதை 'மாதாவின் புதுமை' நாடகங்களுள் ஒன்றாக மேடை ஏறிற்று. ஜெர்மனியிலே கிறிம் சகோதரர்கள் கிராமத்து வாய்களிலிருந்து பொறுக்கிய கதைகளுள்ளும் கையில்லாப் பெண்ணின் கதை இருக்கிறது. அங்கே அவள் ஓர் ஆலைக்காரனின் மகள்.

ஆகவே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கமெரா என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடிப்பதற்கு 600 வருடங்களுக்கு முன்பே இந்தக் கதை நாட்டுக்கு நாடு, மேடைக்கு மேடை மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. தந்தையின் குற்றம் சிற்றன்னையின் குற்றமாயிற்று. கடல் காடாயிற்று. பாப்பரசரின் இடத்துக்கு மாதாவே நேரில் வந்தார். 'சினிமாதான் பழைய கதையை மாற்றிக் கெடுத்தது' என்று நம் பெரியவர்கள் சொல்லும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூத்தும் டிறாமாவும்

நம் நாட்டிலே கத்தோலிக்கரிடையில் இது கூத்தாக வேரூன்றிற்று. மன்னாரிலே யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இரு வகையில் நாடகங்கள் ஆடப்பட்டு வந்ததை அறிவீர்கள். அங்கே வழங்கிய 'என்றீக் எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி' ஆகிய நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களிலே பதிப்பித்து அச்சில் ஏற்றினார். அவர் கத்தோலிக்கர் அல்லர். நம் கொப்பிகள் பெட்டிக்குள் கிடந்து கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த காலத்திலே சைவர் ஒருவர் வந்து அவற்றைக் காப்பாற்றித் தந்தார் என்பதை நன்றியோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலே கதை வேறொரு வழியாகப் போயிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களோடு ஞானசவுந்தரியையும் இசை நாடகமாக எழுதினார். பின்னர் நவாப் இராஜமாணிக்கம் பிள்ளையின் சபை அதை ஊர் ஊராக நடித்துப் பெயர் பெற்றது. ஆர்மோனியமும் கர்நாடக இராகமும் தொங்கு சீலைகளும் கொண்ட அந்த வகை நாடகத்தையே நம்மவர் 'டிறாமா' என்பர். தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து போன காலத்திலே அந்த டிறாமா மெட்டுகள் நம் கூத்துக்குள்ளும் நுழைந்தன. ஆக, கூத்துக்கும் சினிமாவுக்கும் இடையிலே இந்த டிறாமா ஒரு பாலம். 1948-ஆம் ஆண்டுப் படம் பிறந்தது கூத்திலிருந்து அன்று, இந்த மேடையிலிருந்தே.

இதற்கு முன் 1935-லும் ஒருமுறை ஞானசவுந்தரி படமாகியிருந்தது. ஆனால் 1948-லே நடந்ததுதான் விசித்திரம். ஒரே ஆண்டிலே சென்னையில் இரண்டு நிறுவனங்கள் ஒரே கதையைப் படமாக்கின. ஒன்று ஜோசப் தளியத்தின் சிட்டாடல், மற்றது எஸ். எஸ். வாசனின் ஜெமினி. வாசன் 'சந்திரலேகா' எடுத்துத் தென்னாட்டையே அதிர வைத்ததும் அதே ஆண்டுதான். பணமும் பெயரும் ஜெமினியின் பக்கம். ஆயினும் சிட்டாடலின் படம் முந்தி வந்து மக்கள் மனத்தைப் பிடித்துக்கொண்டது. பிந்தி வந்த ஜெமினி படம் எடுபடவில்லை. சிட்டாடல் படத்தை இயக்கியவர் எஃப். நாகூர். எம். வி. ராஜம்மா ஞானசவுந்தரியாகவும் டி. ஆர். மகாலிங்கம் பிலேந்திரனாகவும் நடித்தனர். இசை எஸ். வி. வெங்கட்ராமன்.

பாட்டு, நேரம், கை

இனி நம் திண்ணை வாக்குவாதத்துக்கு வருவோம்.

முதலிலே அந்த மாதா பாட்டு. சின்னஞ்சிறு ஞானசவுந்தரி மாதாவின் முன் பாடத் தொடங்குகிறாள். குரல் அப்போது சிறுமியாக இருந்த ஜிக்கியினுடையது. பாட்டு முடியுமுன்னே சிறுமி குமரியாகிவிடுகிறாள், குரலும் பி. ஏ. பெரியநாயகியின் குரலாக மாறிவிடுகிறது. ஒரு மூச்சுப் பாட்டுக்குள்ளே பல வருடங்கள் கடந்துவிட்டன. ஆனால் மன்றாட்டு அறவில்லை. அவள் வளர்ந்தது முழுவதும் அந்த மன்றாட்டுக்குள்ளேயே என்பது ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகிறது. இதை எந்த அண்ணாவியாராலும் மேடையிலே செய்ய முடியாது. மேடையிலே சிறுமி உள்ளே போக வேண்டும். குமரி வெளியே வர வேண்டும். இடையிலே கட்டியகாரன் வந்து ஏதாவது சொல்ல வேண்டும். சினிமா தன் சொந்தக் கருவியைக் கொண்டு கதைக்குச் செய்த உபகாரம் இது. தாய்மார் அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் செபம்போலவே சொல்லிக் கொடுத்ததில் வியப்பில்லை. வேறு சமயத்தவரும் அதைப் பாடினார்கள். இந்த இடத்திலே படத்தின் பக்கம் பேசும் பெரியவருக்கே நம் தீர்ப்பு.

ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறது. கூத்து இரவிலே காப்போடு தொடங்கும். விடியற் புறத்திலே மங்களத்தோடு முடியும். ஒவ்வொரு பாத்திரமும் வந்து, தான் இன்னார் என்று பாடி ஆடி, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடி, பிறகுதான் கதைக்குள் கால் வைக்கும். அவசரக்காரருக்கு இது அலுப்பு. ஆனால் ஞானசவுந்தரி எந்த நேரத்தில் கையிழக்கிறாள், எந்த நேரத்தில் கை பெறுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். நள்ளிரவிலே கையிழந்தவள் கிழக்கு வெளுக்கும் வரை கையில்லாமலே மேடையில் நிற்கிறாள். சனங்களும் நித்திரை முழித்து, பிள்ளைகளை மடியிலே போட்டுக்கொண்டு, பனியிலே கூட இருக்கிறார்கள். கை திரும்பும்போது உண்மையாகவே விடிகிறது. துன்பம் நீளமானது என்பதைப் பார்ப்பவர் தம் உடம்பினாலேயே உணர்கிறார். படத்திலே எல்லாம் ஒரு காட்சி நேரத்துக்குள் அடங்கிவிடும். பார்த்து முடித்து, தேத்தண்ணீர் குடித்து, கடைசி பஸ்ஸையும் பிடித்துவிடலாம்.

மூன்றாவது, அந்தக் கை. மேடையிலே கையை எப்படி இழப்பது? நடிப்பவர் முழங்கையை மடித்து உடுப்புக்குள் மறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அது எல்லாருக்கும் தெரியும். நடிப்பவர் நேற்றுக் காலை தம்மோடு வலை இழுத்த மனிதர் என்பதும் தெரியும். கூத்திலே ஒருமுறை ஏற்ற வேடத்தின் பெயராலேயே சாகும்வரை அழைக்கப்பட்டவர்கள் நம் ஊர்களில் உண்டு அல்லவா? அப்படி எல்லாம் தெரிந்திருந்தும், மாதா வரும் கட்டத்திலே சனங்கள் அழுகிறார்கள். ஏமாந்து அழவில்லை, சம்மதித்து அழுகிறார்கள். 'இது கை போனதாக இருக்கட்டும், இது மாதாவாக இருக்கட்டும்' என்று மேடைக்கும் சனத்துக்கும் இடையிலே ஓர் உடன்படிக்கை. திரையிலே அந்த உடன்படிக்கை தேவைப்படுவதில்லை. கமெரா அருகிலே வந்து காட்டிவிடுகிறது. காட்டுவதிலே திறமை கூடக் கூட, பார்ப்பவன் 'எப்படிச் செய்தார்கள்?' என்று தந்திரத்தை யோசிக்கத் தொடங்கிவிடுகிறான். புதுமையைக் காட்சியாகக் காட்டுவது சுலபம். அதற்கு ஒரு நெஞ்சைச் சம்மதிக்கச் செய்வது கடினம். கண்டவர் எல்லாம் விசுவசித்துவிடுவதில்லை என்பதற்குச் சுவிசேஷத்திலேயே போதிய சாட்சி உண்டு. இந்த இடத்திலே நம் தீர்ப்பு கூத்துக்கு.

ஆம்பிளை சேலை கட்டுகிறான் என்ற குறைக்கு மட்டும் மறுமொழி சொல்லப் போவதில்லை. இன்று நம் பெண்பிள்ளைகளே கூத்து ஆடுகிறார்கள். அந்த வழக்கு முடிந்துபோயிற்று.

வெட்டப்பட்ட ஒரு பாட்டு

பாட்டு நாடகத்தைப் படமாக்கும்போது எதை வெட்டுகிறோம் என்பதிலே எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு வெளியுலகத்திலிருந்தும் ஓர் உதாரணம் தருகிறோம். 'சவுண்ட் ஒவ் மியூசிக்' உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த படம். கன்னியர் மடத்து நவசந்நியாசியான மரியா, தாயில்லாப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போய், அவர்களுக்கே தாயாகிய கதை. 1959-லே நியூயோர்க் மேடையில் வந்தது, 1965-லே படமாயிற்று. மேடையிலே மலையைக் காட்ட முடியாது. சீலையிலே வரைந்துதான் வைக்க வேண்டும். இயக்குநர் றொபேட் வைஸ் கமெராவை ஒஸ்திரியாவுக்கே கொண்டுபோய் மலைகளின் மேலே பறக்கவிட்டார். ஜிக்கியின் பாட்டைப்போல அதுவும் சினிமா மட்டுமே செய்யக்கூடியது.

ஆனால் மேடையிலே இருந்த மூன்று பாட்டுகள் படத்தில் இல்லை. பதிலுக்கு இரண்டு புதுப் பாட்டுகளை றிச்சட் றொஜர்ஸ் தாமே சொல்லும் எழுதி இசையும் அமைத்துக் கொடுத்தார். வழக்கமாகச் சொல் எழுதிய ஹமஸ்டைன் 1960-லேயே இறந்துவிட்டார். விடப்பட்ட பாட்டுகளுள் ஒன்று முக்கியமானது. நாட்சிகள் நாட்டைப் பிடிக்க வருகிறார்கள். 'நம்மால் தடுக்க முடியாது, பணிந்துபோய் நம் பாட்டைப் பார்ப்போம்' என்ற கருத்திலே கப்டனுக்கு நிச்சயிக்கப்பட்ட சீமாட்டியும் அவர்களுடைய சிநேகிதரும் பகிடியாகப் பாடும் பாட்டு அது. அந்தப் பேச்சிலேதான் கப்டனுக்கும் சீமாட்டிக்கும் இடையில் நிச்சயம் முறிகிறது. மேடையிலே அவர்கள் பிரிந்தது மனச்சாட்சியின் காரணமாக. படத்திலே அந்தப் பாட்டுப் போனபடியால், மரியாவின்மேல் உண்டான அன்பே பிரிவுக்குக் காரணமாகிவிட்டது. ஒரு பாட்டை வெட்டினார்கள். அதோடு ஒரு மனச்சாட்சியின் வாதமும் போயிற்று. படம் இனிமையானது, மறுக்கவில்லை. பார்த்தவர்களிலே எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் கூத்துகளைக் 'கொஞ்சம் சுருக்கி' ஆடச் சொல்லும்போது முதலிலே எது போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? போர் போவதில்லை. சண்டைத் தருவுக்குக் கைதட்டு உண்டு. போவது புலம்பலும், புத்தி சொல்லும் கட்டமும், வேதசாட்சி அரசனோடு தர்க்கம் செய்யும் நீண்ட விருத்தங்களுமே. எஸ்தாக்கியார் கூத்திலே எஸ்தாக்கியார் பேசும் விசுவாசத்தை வெட்டிவிட்டு அவருடைய வாள்வீச்சை மட்டும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன?

திருச்சபை சினிமாவை எதிரியாகப் பார்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1936-லே பதினோராம் பத்திநாதர் சினிமாவைப் பற்றியே தனித் திருமுகம் எழுதினார். 1963-லே இரண்டாம் வத்திக்கான் சங்கம் அச்சு, வானொலி, சினிமா முதலியவற்றை இறைவன் தந்த மனித அறிவின் வியத்தகு கனிகளாக வரவேற்றது. ஆகவே கமெராவைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்.

இரண்டு வேலை, இரண்டு விதம்

நம் தீவகத்து நிலைமை வேறு விதமானது. 1990-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கிராமங்கள் பெரும்பாலும் வெறுமையாயின. சனங்கள் உடுத்த உடையோடு கடல் கடந்தார்கள். அப்படி ஓடியவன் கூத்துக் கொப்பியையா தேடி எடுப்பான்? பிள்ளையைத் தூக்கினான். எத்தனை கொப்பிகள் போயின என்பதற்குக் கணக்கில்லை. மிஞ்சியது அண்ணாவிமாரின் நெஞ்சிலே இருந்தது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1965-லே மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் முயற்சியைப் போன்றவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாயிருக்கும். நெடுந்தீவைக் களமாகக் கொண்டு செங்கை ஆழியான் எழுதிய 'வாடைக்காற்று' 1978-லே படமாயிற்று; ஆனால் நாவல் அச்சிலே இருந்தது, படம் பிழைத்தாலும் நாவல் நிற்கும். அச்சேறாத கூத்துக்கு அந்த உறுதி இல்லை. நாம் எடுக்கும் வீடியோவே சில கூத்துகளுக்குக் கடைசிப் பிரதியாகவும் போய்விடலாம்.

ஆகையால் இரண்டு வேலைகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பதிவு, மற்றது படமாக்கம்.

பதிவு என்றால் முழு இரவு. காப்பிலிருந்து மங்களம் வரை ஒரு தருவும் விடாமல். கமெராவைச் சனங்கள் இருக்கும் இடத்திலே, மேடை முழுவதும் தெரியும்படி நிறுத்திவிட்டு அசையாமல் விடுங்கள். கலியாண வீட்டு வீடியோக்காரர் செய்வதுபோல ஆடுபவரின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் கால் ஆட்டம் தெரியாமற் போய்விடும். கூத்திலே பாதி காலிலேதான் இருக்கிறது. மத்தளத்துக்கும் பிற்பாட்டுக்கும் வேறாக ஒலிவாங்கி வையுங்கள். இடையிலே பிள்ளை அழுதால் அழட்டும், கிழவி ஒருத்தி ஏதாவது சொல்லிச் சிரித்தால் சிரிக்கட்டும், அதுவும் கூத்துத்தான். அடுத்த நாள் அண்ணாவியாரைத் தனியே இருத்தி, ஒவ்வொரு தருவையும் முதலில் வசனமாகச் சொல்லச் செய்து, பிறகு பாடச் செய்யுங்கள். மேடைச் சத்தத்திலே சொல் விளங்காத இடங்கள் அப்போது விளங்கும். கொப்பி இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் பிடியுங்கள். அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்; எழுதியவர் பெயரும் ஆடிய ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படமாக்கம் என்பது வேறு. நம் இளைஞர் ஞானசவுந்தரியையோ எஸ்தாக்கியாரையோ சினிமாவாக எடுக்க விரும்பினால் தாராளமாக எடுக்கட்டும். கடற்கரையிலே எடுக்கட்டும், காலத்தை மாற்றட்டும், அந்தப் பழைய பிரெஞ்சுக் கதையின் மீனைக்கூடச் சேர்த்துக்கொள்ளட்டும். சிட்டாடல் படத்தின் மாதா பாட்டைப்போல, மேடையால் முடியாத ஒன்றைக் கமெராவால் செய்து காட்டினால் நாமே முன் வரிசையில் இருந்து கைதட்டுவோம்.

இரண்டுமல்லாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. இப்போது அதிகமாக நடப்பது அதுதான். கூத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்கு நறுக்கி, மண்டபத்திலே வண்ண விளக்குப் போட்டு ஆடச் செய்து, நாலு பக்கமும் கமெரா வைத்து, வெட்டி ஒட்டி ஓர் இசைத்தட்டிலே போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவது. அது கூத்தும் ஆகாது, சினிமாவும் ஆகாது. விழாவுக்குச் சுருக்கி ஆடுவதை நாம் குறை சொல்லவில்லை. காலத்துக்கு அது தேவை. ஆனால் அந்தச் சுருக்கத்தையே 'எங்கள் ஊர்க் கூத்து' என்று பெயரிட்டுப் பெட்டியிலே வைத்துவிட்டால், முப்பது வருடம் கழித்து அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு முழுக் கூத்து என்ற ஒன்று இருந்தது என்பதே தெரியாமற் போகும்.

இந்த வருடத் திருநாளுக்குக் கூத்துப் பழக்கத் தொடங்கியிருக்கும் பங்குகள் பணம் சேர்க்கும்போது பதிவுச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கேட்டால், சுருக்கமாக வேண்டுமா, விடிய விடிய வேண்டுமா என்று முன்கூட்டியே அவர்களிடம் கேளுங்கள். விடிய விடிய என்று சொல்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருப்பார்கள்.